போட்டதும் விட்டதும்: இந்தியாவின் 90 சதவீதத் தடுப்பூசி இலக்கு பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு போகிறாள் ஒரு பெண். அங்கேயே அரசு மருத்துவமனையில் குழந்தை பிறக்கிறது. காசநோய்க்கான பி.சி.ஜி ஊசி, போலியோ சொட்டு, ஹெபடைடிஸ் பி ஊசி மூன்றும் பிறந்த கையோடு போட்டாயிற்று. ஆறாவது வாரத்தில், ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டா ஊசியின் முதல் தவணையும் அதே ஊரில் முடிந்தது. அப்புறம் மூன்றாம் மாதம் நல்ல நாள் பார்த்துப் புகுந்த வீட்டுக்கு அழைத்து வருகிறார்கள். பத்தாவது வாரத்து ஊசிக்கு நாள் வருவதும் அதே சமயத்தில்தான். ஊசி போட்டால் காய்ச்சல் அடிக்கும், பயணம் முடியட்டும் என்கிறார் பாட்டி. தாய்வீட்டு ஊரின் கிராம சுகாதார செவிலியர் தன் பதிவேட்டில் 'புகுந்த வீட்டுக்குப் போய்விட்டது' என்று எழுதி அந்த வரியை முடிக்கிறார். புகுந்த ஊர் செவிலியரின் பதிவேட்டில் 'பிரசவத்துக்குத் தாய்வீடு போயிருக்கிறார்' என்று எழுதியது அப்படியே நிற்கிறது. இரண்டு பதிவேட்டிலும் பொய் ஒன்றும் இல்லை. ஆனால் பத்தாவது வாரத்து ஊசிக்கு அந்தக் குழந்தையைத் தேட வேண்டியது யார் என்று இரண்டிலும் இல்லை.

இந்தியா தன் தடுப்பூசி இலக்கை எப்படிக் கண்காணித்தது என்று கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுக் கணக்கைப் புரட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் குழந்தைதான் நினைவுக்கு வருகிறது. போட்ட ஊசியை எண்ண நமக்கு நன்றாகத் தெரியும். விட்டுப்போன குழந்தையை எண்ணுவதில் போலியோ என்ற ஒரே ஒரு நோய்க்காகத்தான் முழுமூச்சாக இறங்கினோம். அந்த நோய் போய்விட்டது. மற்றவற்றில் இன்னும் எண்ணை வைத்துக்கொண்டு வாதாடிக்கொண்டிருக்கிறோம்.

இலக்கும் கெடுவும்

நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் 1985-ல் தொடங்கியது. ஒரு வயதைத் தாண்டிய குழந்தை பி.சி.ஜி, மூன்று தவணை முத்தடுப்பு ஊசி, மூன்று தவணை போலியோ சொட்டு, ஒரு தட்டம்மை ஊசி இவ்வளவும் பெற்றிருந்தால் 'முழுமையாகத் தடுப்பூசி பெற்றது' என்று கணக்கு. 2005-06-ல் நடந்த மூன்றாவது தேசிய குடும்ப நல ஆய்வில் இந்த எண் 43.5 சதவீதம். திட்டம் தொடங்கி இருபது ஆண்டுகள் கழித்தும் பாதிக் குழந்தைகள்கூட முழுசாக முடிக்கவில்லை. 2009-ல் வேறொரு ஆய்வு 61 என்றது. 2013-14-ல் இன்னொன்று 65 என்றது. இந்த நான்கைந்து ஆண்டில் ஆண்டுக்கு ஒரு புள்ளி என்ற வேகம்.

இந்த வேகம் போதாது என்றுதான் 2014 டிசம்பர் 25 அன்று, விடுபட்ட குழந்தைகளைத் தேடி ஊசி போடும் சிறப்பு இயக்கமான மிஷன் இந்திரதனுஷ் அறிவிக்கப்பட்டது. 2020-க்குள் 90 சதவீதம் என்பது இலக்கு. 2015 ஏப்ரலில் முதல் கட்டம் 201 மாவட்டங்களில் தொடங்கியது. 2017 அக்டோபரில் 'தீவிர மிஷன் இந்திரதனுஷ்' வந்தபோது கெடு 2018 டிசம்பருக்கு முன்னே கொண்டுவரப்பட்டது. 2019, 2021, 2022, 2023 ஆண்டுகளில் மேலும் சுற்றுகள் நடந்தன. வேலை நடக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. எங்கே வந்து சேர்ந்தோம் என்பதில்தான் சிக்கல்.

ஒரே நாடு, இரண்டு எண்

சுகாதார அமைச்சகத்தின் நிர்வாகப் பதிவுகளின்படி 2023-24 நிதியாண்டில் முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தைகள் 93.23 சதவீதம். வீடு வீடாகப் போய்க் கேட்ட ஐந்தாவது தேசிய குடும்ப நல ஆய்வின்படி 2019-21-ல் 76.4 சதவீதம். ஆண்டு வேறு, நடுவே கொரோனா வேறு, உண்மைதான். ஆனால் இந்த இடைவெளி ஆண்டு வித்தியாசத்தால் மட்டும் வந்ததல்ல. எண்ணும் முறையே வேறு.

நிர்வாகப் பதிவு என்பது ஒரு வகுத்தல் கணக்கு. மேலே, போட்ட தவணைகள். கீழே, அந்தப் பகுதியில் இருக்க வேண்டிய குழந்தைகள். மேலே உள்ள எண்ணைச் செவிலியர் எழுதுகிறார். கீழே உள்ள எண் மேலிடத்திலிருந்து வருகிறது. கடைசி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2011-ல் நடந்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் அந்த எண்ணை ஆண்டுக்கு ஆண்டு நீட்டி எடுத்த மதிப்பீடு.

சமவெளியில் ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு 5,000 பேர் என்பது விதி. ஆயிரத்துக்கு 14 பிறப்பு என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 70 குழந்தைகள். வேலை தேடி இளையவர்கள் வெளியேறிவிட்ட ஒரு கிராமத்தில் உண்மையில் பிறந்தது 56 என்றும், அதில் 54 பேருக்கு முழுசாகப் போட்டாயிற்று என்றும் வைத்துக்கொள்வோம். நூற்றுக்கு 96 பேருக்கு முடிந்திருக்கிறது. தாளில் வருவதோ 77. அந்தச் செவிலியர் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று விளக்கம் சொல்ல வேண்டும். இன்னொரு செவிலியரின் பகுதி நகரத்தின் ஓரம். புதுக் குடியிருப்புகள், கட்டட வேலைக்கு வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள். அங்கே 90 குழந்தைகள் இருக்கிறார்கள், 68 பேருக்குப் போட்டாயிற்று. தாளில் 97 சதவீதம், பாராட்டு. விடுபட்ட 22 குழந்தைகளை யாரும் கேட்கப்போவதில்லை, ஏனென்றால் தாளில் விடுபட்டவர்கள் இரண்டே பேர்.

இது நான் கணக்குக்காக வைத்த எண்கள்தான். ஆனால் மாவட்ட அறிக்கைகளில் 100-ஐத் தாண்டும் சதவீதங்கள் வருவது இந்த வழியில்தான். பெரிய மருத்துவமனை இருக்கும் ஊருக்குச் சுற்றுவட்டாரத்துப் பிரசவங்கள் எல்லாம் வருவதால் அங்கே பி.சி.ஜி எண் எகிறும். பக்கத்து வட்டாரத்தில் இறங்கும். தனியார் மருத்துவரிடம் போட்ட ஊசி பல இடங்களில் கணக்குக்கே வருவதில்லை. இத்தனை பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டிவிடும் என்று நம்புகிறவர்கள் உண்டு. மாநில அளவில் ஒருவேளை அப்படி ஆகலாம். கிராம அளவில் ஆகாது, குழந்தை இருப்பதோ கிராமத்தில்.

சரி, வீட்டு ஆய்வு மட்டும் பழுதில்லாததா என்றால் அதுவும் இல்லை. ஐந்தாவது ஆய்வு 6,36,699 வீடுகளுக்குப் போனது, பெரிய முயற்சி. அதில் 12 முதல் 23 மாதக் குழந்தைகள் மட்டும் இந்தக் கணக்குக்கு எடுக்கப்படுகிறார்கள். ஒரு மாவட்டத்தில் அவர்கள் எத்தனை பேர் அகப்படுவார்கள்? மாவட்டத் தகவல் தாளைப் பார்த்தால் சில எண்கள் அடைப்புக்குறிக்குள் இருக்கும். 25 முதல் 49 குழந்தைகளை மட்டும் வைத்துப் போட்ட கணக்கு என்று பொருள். அதற்கும் குறைவென்றால் எண்ணே இருக்காது, நட்சத்திரக் குறிதான். அந்த அடைப்புக்குறியைக் கழற்றிவிட்டு மாவட்டங்களை ஒன்று, இரண்டு என்று தரவரிசைப்படுத்தி வெளியிடுவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இன்னொரு விஷயம் என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. அதே ஐந்தாவது ஆய்வில் மூன்று தவணை பென்டா அல்லது முத்தடுப்பு பெற்றவர்கள் 86.7 சதவீதம். மூன்று தவணை போலியோ சொட்டு பெற்றவர்கள் 80.5. இரண்டும் ஒரே நாளில், ஒரே இடத்தில், 6, 10, 14-வது வாரங்களில் கொடுக்கப்படுபவை. தொடையில் ஊசி போட்ட செவிலியர் வாயில் சொட்டு விடாமல் நூற்றுக்கு ஆறு பேரை அனுப்பியிருப்பாரா? நான்காவது ஆய்விலும் இதே இடைவெளி: 78.4-க்கு 72.8. ஊசி போட்டதைத் தாய் மறப்பதில்லை, குழந்தை அழுத அழுகை நினைவிருக்கும். சொட்டு எத்தனை முறை, அதில் முகாமில் விட்டது எது, மாதத் தவணை எது என்பது குழம்பிவிடும். அட்டையிலும் பெரும்பாலும் ஊசியைக் குறித்துவிட்டுச் சொட்டின் கட்டத்தை விட்டுவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன். முழுத் தடுப்பூசி என்பது எல்லாக் கட்டமும் நிரம்பினால்தான். ஆக, குறைவாக உள்ள போலியோ எண் மொத்த எண்ணையும் கீழே இழுக்கிறது. அட்டையைக் காட்டிய குழந்தைகளை மட்டும் எடுத்தால் அதே ஆய்வில் 83.8 சதவீதம் வருவதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். அட்டையைப் பத்திரமாக வைத்திருக்கும் குடும்பம் ஊசியையும் ஒழுங்காகப் போடும் குடும்பமாக இருக்கும் என்பதால் அதையே உண்மை எண் என்றும் எடுத்துவிட முடியாது.

தமிழ்நாட்டின் பள்ளம்

இந்த வரலாற்றில் நமக்கு மிக அருகில் நடந்த ஒரு பகுதி உண்டு. மூன்றாவது ஆய்வில் தமிழ்நாடு 80.9 சதவீதத்துடன் நாட்டிலேயே முன்வரிசையில் இருந்தது. பத்தாண்டு கழித்து நான்காவது ஆய்வில் 69.7. அதற்கு அடுத்ததில் 89.2. நாடு முழுக்க ஏறிக்கொண்டிருந்த காலத்தில் முன்வரிசை மாநிலம் 11 புள்ளிகள் இறங்கியது.

அப்போது எல்லாரும் கேட்ட கேள்வி, ஆய்வு தப்பா, வேலை தப்பா என்பது. இரண்டையும் பிரிக்க முடியாது என்பது என் கருத்து. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மைத் தடுப்பூசி போட்ட பிறகு நான்கு குழந்தைகள் இறந்தார்கள். அந்த அதிர்ச்சிக்குப் பின் கிராமத்துக்குப் போய்ப் போடுவதை விட்டுவிட்டு, மருத்துவர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் குழந்தைகளை வரவழைக்கும் முறைக்கு மாநிலம் மாறியது. பாதுகாப்புக் கருதி எடுத்த முடிவு, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தெருக்கோடியில் கிடைத்த ஊசிக்குப் புதன்கிழமை வேலையை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும் என்றால் எந்தக் குழந்தை முதலில் விடுபடும் என்பது தெரிந்ததுதான். மூன்றாவது தவணையும் தட்டம்மையும் தள்ளிப்போகும்.

அதே காலத்தில் குழந்தையைத் தனியார் மருத்துவரிடம் காட்டும் வழக்கமும் பெருகியது. அவர் கொடுக்கும் சின்னப் புத்தகத்தில் மருந்து நிறுவனத்தின் வணிகப் பெயர் எழுதியிருக்கும். வீட்டுக்கு வந்து கேட்கும் கணக்கெடுப்பாளருக்கு அதில் எது முத்தடுப்பு, எது போலியோ என்று பிரிப்பது எளிதல்ல. ஆக, உண்மையான இறக்கம் ஒரு பங்கு, எழுத்தில் காணாமல் போனது ஒரு பங்கு. எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் பதிவு கையில் இல்லாமல் போனதுதான் அன்றைய பெரிய குறை. அதோடு, 2015-ல் எடுத்த ஆய்வு அளந்தது 2013, 2014-ல் பிறந்த குழந்தைகளை. முடிவு வெளிவரும்போது அந்தக் குழந்தைகள் அங்கன்வாடிக்குப் போகத் தொடங்கியிருந்தார்கள். பள்ளம் விழுந்தது நமக்குத் தெரியவந்தபோது அதைத் தாண்டிச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன.

பூட்டிய வீட்டை எண்ணியவர்கள்

இப்போது போலியோவுக்கு வருகிறேன். 2009-ல் இந்தியாவில் 741 குழந்தைகள் போலியோவால் பாதிக்கப்பட்டார்கள். 2010-ல் 42. கடைசிக் குழந்தை மேற்கு வங்கத்தின் ஹவுரா மாவட்டத்தில், 2011 ஜனவரி 13. 2014 மார்ச் 27 அன்று தென்கிழக்கு ஆசியப் பகுதி போலியோ அற்றதாக உலக சுகாதார நிறுவனத்தின் சான்று கிடைத்தது.

தடுப்பு மருந்தின் பங்கும் பெரியது. 2010-ல் வந்த, போலியோ வைரஸின் இரண்டு வகைகளைத் தடுக்கும் சொட்டு மருந்து நிறைய உதவியது. ஆனால் கண்காணிப்பைப் பற்றிய ஆய்வில் நான் பேச விரும்புவது சுவரில் சாக்பீஸால் எழுதிய ஓர் எழுத்தைப் பற்றி. வீட்டில் எல்லாக் குழந்தைக்கும் சொட்டு விட்டாயிற்று என்றால் கதவருகே 'பி' குறி. ஒரு குழந்தைகூட விடுபட்டிருந்தால் 'எக்ஸ்' குறி. ஏன் விடுபட்டது என்பதும் குறிக்கப்படும்: வீடு பூட்டியிருந்தது, குழந்தைக்கு உடம்பு சரியில்லை, ஊருக்குப் போயிருக்கிறது, பெற்றோர் மறுத்துவிட்டார்கள். குழந்தையின் இடது சுண்டுவிரல் நகத்தில் மை. அன்று மாலை மேற்பார்வையாளர் கேட்டது எத்தனை பேருக்கு விட்டாய் என்பதோடு நிற்கவில்லை. எக்ஸ் வீடு எத்தனை, அதில் எத்தனை பி ஆயிற்று என்பதும் கணக்கு. மறுநாள் அணி எக்ஸ் வீடுகளுக்கு மட்டும் திரும்பிப் போகும். ஒரு தேசியச் சுற்றில் சுமார் 17 கோடிக் குழந்தைகளுக்குச் சொட்டு விட்ட நாடு, பூட்டிய வீட்டுப் பட்டியலைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது.

உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் போலியோ விடாமல் திரும்பத் திரும்ப வந்த 107 வட்டாரங்களைத் தனியாகப் பிரித்தார்கள். கோசி ஆற்றுப் படுகையில் வெள்ளம் வந்தால் தீவாகிவிடும் ஊர்கள், செங்கல் சூளைகள், நாடோடிக் குடும்பங்களின் கூடாரங்கள் எல்லாம் பெயரோடு பட்டியலில் ஏறின. ஓடும் ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் அணிகள் நின்றன.

இதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது நோய்க் கண்காணிப்பில் வைத்த ஒரு விதி. 15 வயதுக்குட்பட்ட யாருக்குத் திடீரென்று கை கால் துவண்டாலும், போலியோ என்று சந்தேகம் இல்லாவிட்டாலும், தெரிவிக்க வேண்டும். 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரி எடுக்க வேண்டும். போலியோ அல்லாத இத்தகைய வாதம் லட்சம் குழந்தைகளுக்கு ஒன்றாவது எப்படியும் இருக்கும் என்பது உலக அளவில் வைத்த குறைந்தபட்சக் கணக்கு. ஒரு மாவட்டம் 'எங்களிடம் ஒன்றும் இல்லை' என்று எழுதினால் அங்கே நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தேடவில்லை என்று எடுத்துக்கொள்வார்கள். சுழியத்தைச் சந்தேகிக்கும் ஒரு முறையை இந்த நாட்டின் அரசு அலுவலகங்களுக்குள் கொண்டுவந்து நிலைநிறுத்தியது சாதாரண வேலை அல்ல.

தட்டம்மை காட்டிக்கொடுக்கும்

90 என்பது எந்த நோய்க்குப் போதும் என்ற கேள்வியும் இருக்கிறது. தட்டம்மை மிக வேகமாகப் பரவும் நோய். அதைத் தடுத்து நிறுத்த நூற்றுக்கு 95 பேருக்கு இரண்டு தவணையும் போயிருக்க வேண்டும். ஒன்பது மாதத்தில் போடும் முதல் தவணை சுமார் 85 சதவீதக் குழந்தைகளுக்குத்தான் எதிர்ப்புச் சக்தியைத் தரும். நூறில் 90 பேருக்குப் போட்டால் பாதுகாப்புப் பெற்றவர்கள் 76 அல்லது 77 பேர். மீதி 23 பேர். இரண்டாம் தவணை இல்லாவிட்டால் நான்கைந்து ஆண்டில் ஓர் ஆண்டுப் பிறப்புக்குச் சமமான குழந்தைகள் பாதுகாப்பில்லாமல் சேர்ந்துவிடுவார்கள். மாவட்ட அறிக்கையில் அப்போதும் 90 என்றே இருக்கும்.

2022 பிற்பகுதியில் மும்பையின் கோவண்டிப் பகுதியில் தட்டம்மை வெடித்தது, குழந்தைகள் இறந்தார்கள். கொரோனா ஆண்டுகளில் தள்ளிப்போன தவணைகளும், நெரிசலும், இடம்பெயர்ந்து வந்த குடும்பங்களும் ஒன்றுசேர்ந்த இடம் அது. இலக்கை எட்டியதாகத் தாளில் தெரிந்தாலும் விடுபட்டவர்கள் எங்கே திரண்டிருக்கிறார்கள் என்பதை இந்த நோய் போல் துல்லியமாகக் காட்டும் கருவி வேறில்லை. அந்தக் காட்டுதலுக்குக் குழந்தைகள் விலை கொடுக்கிறார்கள் என்பதுதான் தாங்க முடியாதது. தட்டம்மை ரூபெல்லா ஒழிப்புக்கு வைத்த 2023 என்ற கெடு இப்போது 2026 ஆகியிருக்கிறது.

ஒரு ஊசியும் பெறாதவர்கள்

சமீப ஆண்டுகளில் 'ஒரு தவணையும் பெறாத குழந்தை' என்ற கணக்கு முன்னுக்கு வந்திருப்பது எனக்கு நிம்மதி தருகிறது, ஏனென்றால் இது விட்டதை எண்ணும் கணக்கு. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் ஆண்டுதோறும் ஜூலையில் வெளியிடும் மதிப்பீடுகளில் இந்தியாவுக்கு 2021-ல் 27 லட்சம், 2022-ல் 11 லட்சம், 2023-ல் 16 லட்சம், 2024-ல் 9 லட்சம் என்று சொல்லப்பட்டது. ஒவ்வொரு ஜூலையிலும் பழைய ஆண்டு எண்களையும் அவர்கள் திருத்துவார்கள். ஆகவே பழைய அறிக்கையையும் புதிய அறிக்கையையும் பக்கத்தில் வைத்துக் கழிக்கக் கூடாது.

16 லட்சம் 9 லட்சமானது பெருமைப்பட வேண்டிய இறக்கம். ஆனால் அதை அமைச்சகம் மொத்த மக்கள்தொகையில் 0.11 சதவீதத்திலிருந்து 0.06 சதவீதம் என்று அறிவித்தது. 145 கோடியால் வகுத்தால் அப்படித்தான் வரும். ஊசி போட வேண்டிய வயதில் இருப்பவர்கள் ஆண்டுக்குப் பிறக்கும் சுமார் இரண்டரைக் கோடிக் குழந்தைகள் மட்டுமே. அதால் வகுத்தால் நூற்றில் நான்கு பேர் அளவுக்கு வருகிறது. தாத்தாவையும் பாட்டியையும் கணக்கில் சேர்த்துக் குழந்தைகளின் இடைவெளியைச் சிறிதாக்க வேண்டிய தேவையே இல்லை. நான்கு சதவீதம் என்று சொல்லியிருந்தாலும் அது நல்ல செய்திதான்.

இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டிய இன்னொரு கூட்டம் இருக்கிறது. ஐந்தாவது ஆய்வில் எந்தத் தடுப்பூசியும் பெறாதவர்கள் 3.6 சதவீதம். முழுசாக முடித்தவர்கள் 76.4. நடுவே 20 சதவீதம் தொடங்கிவிட்டு நின்றவர்கள். முதல் பென்டாவுக்கு வந்து மூன்றாவதுக்கு வராதவர்கள் பத்து சதவீதத்தைத் தாண்டினால் அந்த இடத்தில் கோளாறு என்பது துறையில் எல்லாருக்கும் தெரிந்த அளவுகோல். இதற்கு மக்கள்தொகை எண்ணே தேவையில்லை. வகுத்தலின் மேல் எண், கீழ் எண் இரண்டும் செவிலியரின் பதிவேட்டிலிருந்தே வரும். இவ்வளவு நம்பகமான எண் கையில் இருக்க, ஆய்வுக் கூட்டங்களில் ஏன் இதை முதலில் கேட்பதில்லை என்பது எனக்கு விளங்கவில்லை. வராதவரின் காரணம் சில நேரம் நம் பக்கத்திலும் இருக்கும். தட்டம்மை ரூபெல்லா குப்பியைக் கலந்துவிட்டால் நான்கு மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும். ஒரே குழந்தைக்காகக் குப்பியைத் திறந்தால் வீணாகுமே என்று 'அடுத்த வாரம் வாம்மா' என்று அனுப்பிவிடுகிறார்கள். கூலி வேலையை விட்டுவிட்டு வந்தவர் அடுத்த வாரம் வருவதில்லை. ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திற என்பதுதான் விதி. அந்த விதியைப் பின்பற்றும் செவிலியரை மருந்து வீணாக்கியதாக யாரும் கேள்வி கேட்கக் கூடாது.

2024 அக்டோபர் 29 அன்று நாடு முழுவதும் தொடங்கிய, தடுப்பூசியைப் பதிவு செய்யும் யூ-வின் இணையதளம், முதலில் சொன்ன குழந்தையின் சிக்கலைத் தீர்க்கக்கூடியது. பெயரோடு, தாயின் எண்ணோடு பதிவு. எந்த ஊரில் போட்டாலும் ஒரே கணக்கில் ஏறும். தாய்வீட்டுச் செவிலியர் முடித்த வரியைப் புகுந்த ஊர் செவிலியர் தொடரலாம். தமிழ்நாட்டில் கர்ப்பம் பதிவானதுமே கிடைக்கும் ஆர்.சி.எச் எண்ணோடு இது சரியாகப் பொருந்தினால், ஒரே குழந்தை இரண்டு பெயரில் வருவதும் குறையும். ஆனால் கட்டட வேலைக் கொட்டகையில் பிறந்து யாரும் பதிவு செய்யாத குழந்தையை எந்தத் தளமும் காட்டாது. அதற்குச் செவிலியர் நடந்து போய்த் தலையெண்ணித்தான் ஆக வேண்டும். தளம் வந்துவிட்டது என்று அந்தத் தலைக்கணக்கெடுப்பை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் எனக்கு இருக்கிறது.

அடுத்து வருவது 2027 மார்ச் 1-ஐ அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. அதன் முடிவு வந்ததும் ஒவ்வொரு துணை சுகாதார நிலையத்தின் கணக்கிலும் வகுக்கும் எண் மாறும். ஒரே இரவில் 77 என்றிருந்த கிராமம் 96 ஆகும், 97 என்றிருந்த நகர ஓரம் 76 ஆகும். அந்த இரவில் எந்தக் குழந்தைக்கும் ஊசி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. பழைய ஆண்டுகளின் கணக்கையும் புதிய எண்ணால் திரும்ப வகுத்து, இரண்டையும் பக்கத்தில் வைத்து வெளியிடும் வேலையை மாநிலங்கள் இப்போதே தொடங்க வேண்டும். 76 ஆகப்போகும் இடங்கள் எவை என்று அந்தந்தச் செவிலியருக்கு இன்றைக்கே தெரியும், கேட்டால் சொல்வார்கள்.